எந்த ஊர் என்று கேட்டால்? நேர்முகப் பரீட்சைக்கு ஓர் ஆயத்தப் பாடம்



பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில மாதங்கள் கழிந்ததும் நம் வீடுகளுக்கு மற்றொரு கடிதம் வரத் தொடங்கும். இன்ன திகதியில், இன்ன இடத்தில் நடைபெறும் நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவும் என்பது அதன் சாரம். இப்போது அதே அழைப்பு கைத்தொலைபேசியிலும் வருகின்றது. அழைப்புக் கிடைத்த வீட்டில் முதல் நாள் மகிழ்ச்சி. மறுநாள் தொடக்கம் பயம். என்ன கேட்பார்கள்? எந்த மொழியில் கேட்பார்கள்? தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது?

இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளச் சிலர் கேள்வி பதில் புத்தகத்தை வாங்கி மனனம் செய்கிறார்கள். இன்னும் சிலர், ஏற்கெனவே வேலை கிடைத்த நண்பனிடம் அவன் சொன்ன பதிலைக் கேட்டு அதையே ஒப்புவிக்கிறார்கள். மனனம் செய்த பதில் முதற் கேள்விக்கு நிற்கும். "அதைக் கொஞ்சம் விளக்குங்கள் பார்ப்போம்" என்று அதிகாரி சொன்னவுடன் சரிந்துவிடும். ஏனெனில் அது சொல்பவருடைய சொந்தப் பதில் அன்று.

ஆகவே இப்பாடம் வலியுறுத்துவது ஒன்றேயாகும். நேர்முகப் பரீட்சையின் பதில்கள் நீங்கள் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையிலே இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, ஒழுங்குபடுத்தி, கூட்டாமலும் குறைக்காமலும் கூச்சமின்றிச் சொல்லப் பழகுவதே ஆயத்தமாகும். ஊவாவின் தோட்டங்களிலிருந்து செல்லும் நம் இளைஞர் யுவதிகளுக்கு அறிவிலும் பார்க்கக் கூச்சமே பெரிய தடையாக நிற்கின்றது. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எந்த ஊர்?

நேர்முகப் பரீட்சையில் மிக எளிதான கேள்வி இதுதான். நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் கேள்வியும் இதுதான். "பதுளை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். "பதுளையில் எங்கே?" என்றால், "டவுனுக்குப் பக்கம்" என்பார்கள். தகப்பனார் என்ன தொழில் என்று கேட்டால் "பிசினஸ்" என்ற பதில் வரும். அதிகாரியின் கையிலுள்ள விண்ணப்பத்திலோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பேச்சும் பத்திரமும் ஒத்துவராதபோது, இந்த ஆள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாரோ என்ற எண்ணம் எழுவது இயல்பு. தோட்டத்தில் பிறந்ததால் இழக்காத வேலையை, தோட்டத்தை மறைத்ததால் இழக்க நேரிடும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. கல்வியிலும் இதே கதைதான். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் வெகுகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1977 தொடக்கமே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. "நீ எந்த நாட்டவன்?" என்று பாட்டன் கேட்கப்பட்டார். அந்தக் கேள்வியின் நிழல்தான் "எந்த ஊர்?" என்று பேரனைக் கேட்கும்போது தொண்டையில் அடைக்கிறது. இதில் நம் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. மறைக்க வேண்டியதும் எதுவும் இல்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தன் 12ஆம் உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்பவற்றின் காரணமாகப் பிரசை எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று கூறுகின்றது. பிறந்த இடமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். நேர்முகப் பரீட்சையில் இதை எடுத்துச் சொல்லி வாதாட வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்காருவதற்கு இது மனதில் இருந்தால் போதும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். பதுளை புனித பீட்ஸ் கல்லூரியில் படித்தவர். பின்னர் தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றியவர். அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' நாவலையும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியையும் அந்தப் பெயரிலேயே எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது ஒரு சிறு தோட்டத்தின் பெயரும் அவருடன் மேடையேறியது. 2022இல் அவர் காலமானார், பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர் மறைக்க நினைப்பதை அவர் தம் முகவரியாக்கினார்.

2. தாழ்மையும் ஊமைத்தனமும்

தோட்டத்தில் பெரியவர்கள் துரைக்கு முன்னால் நின்ற விதம் நம் எல்லோருக்கும் தெரியும். தோளிலிருந்த துண்டு கைக்கு வந்துவிடும். தலை குனியும். கேட்டதற்கு "சரிங்க" என்பதற்கு மேல் பேச்சு இராது. அது அந்தக் காலத்தில் பிழைப்புக்கு வேண்டிய எச்சரிக்கை. அதே பழக்கத்தை நாம் மரியாதை என்ற பெயரில் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டோம். நேர்முகப் பரீட்சைக் குழுவினர் இதை மரியாதையாகக் காண்பதில்லை. ஆளுக்கு விருப்பமில்லை, அல்லது விஷயம் தெரியவில்லை என்றே எண்ணிக்கொள்வார்கள்.

ஆகவே, உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லுங்கள். உட்காரச் சொன்ன பின் உட்காருங்கள். கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். "ஆம்", "இல்லை" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல் ஒரு வசனமாவது சேர்த்துச் சொல்லுங்கள். "கணனி தெரியுமா?" என்றால், "தெரியும், ஆறு மாதப் பயிற்சி முடித்திருக்கிறேன், கடிதம் தட்டச்சுச் செய்யவும் கணக்கு அட்டவணை போடவும் முடியும்" என்பதே நிறைவான பதில்.

சொந்தச் செயலைச் சொல்வது தற்பெருமை ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. செய்யாததைச் செய்ததாகச் சொல்வது பொய். செய்ததைப் பத்து மடங்காக்கிச் சொல்வது தற்பெருமை. செய்ததைச் செய்தவாறே சொல்வது சாட்சியம். தனியாகச் செய்ததற்கு "நான்" என்றும், பலரோடு சேர்ந்து செய்ததற்கு "நாங்கள், அதில் என் பங்கு இது" என்றும் சொல்லுங்கள். அப்போது பெருமையும் வராது, பொய்யும் வராது.

3. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." குடும்ப வரலாறு முழுவதையும் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கிருந்து வந்தீர்கள், என்ன படித்தீர்கள், என்ன செய்திருக்கிறீர்கள், ஏன் இந்த வேலை என்ற நான்கும் ஒரு நிமிடத்தில் அடங்க வேண்டும். உதாரணமாக, கணக்கு எழுதுவினைஞர் பதவிக்குப் போகும் ஓர் இளைஞன் இப்படிச் சொல்லலாம்:

"நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா மருந்தடிக்கும் வேலை செய்கிறார், அம்மா கொழுந்தெடுக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை தோட்டத்துப் பாடசாலையிலும் அதன்பின் தினமும் பஸ்ஸில் பசறைக்குச் சென்றும் படித்தேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். ஒரு வருடமாக எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்கை எழுதி வருகிறேன். மாதச் சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நான்தான் தொடங்கினேன். அங்கே வந்த விருப்பத்தால்தான் இந்தப் பதவிக்கு விண்ணப்பித்தேன்."

இதில் அலங்காரம் ஏதும் இல்லை. தோட்டமும் பெற்றோரின் தொழிலும் மறைக்கப்படவில்லை. அவற்றை வைத்து அனுதாபமும் தேடப்படவில்லை. பற்றுச்சீட்டு என்ற ஒரு சிறு விபரம், ஆள் பொறுப்பானவர் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

"ஒரு கஷ்டமான நிலைமையை எப்படிச் சமாளித்தீர்கள்?" இக்காலத்தில் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் இக்கேள்வி அதிகமாகக் கேட்கப்படுகிறது. ஒருவர் முன்பு நடந்துகொண்ட விதத்தை அறிந்தால், இனி எப்படி நடப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது இதன் அடிப்படை. பதிலை நான்கு படியாக அமையுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன.

ஒரு யுவதியின் பதில் இவ்வாறு இருக்கலாம்: "ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு லயத்தில் மாலை வகுப்பு நடத்தினேன். கொழுந்து கூடிய மாதங்களில் பாதிப் பிள்ளைகள் வராமல் நின்றுவிட்டார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்தேன். பிள்ளை மடுவம் மூடிய பிறகு, அம்மா மலையிலிருந்து வரும் வரை தம்பி தங்கையைப் பார்க்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஒரு மூலையில் பாய் விரித்து, பழைய கொப்பிகளையும் கலர்ப் பென்சில்களையும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள்." ஏசாமல் விசாரித்தது, காரணத்தைக் கண்டறிந்தது, கையிலுள்ளதைக் கொண்டு வழி செய்தது ஆகிய மூன்றும் இந்தச் சிறு கதையில் இருக்கின்றன. எந்தக் காரியாலயமும் இத்தகையவரைத் தேடும்.

உங்களிடம் இப்படி ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். லயத்து ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று டாக்டரின் சிங்களத்தைத் தமிழில் சொன்னது, கோயில் திருநாளுக்குப் பணம் சேர்த்து வரவு செலவு வாசித்தது, மண்சரிவு அபாயம் என்று இரவில் அறிவித்தல் வந்தபோது நான்கு குடும்பங்களை எழுப்பிப் பாடசாலைக்குக் கொண்டு சேர்த்தது ஆகிய யாவும் அனுபவமே. சம்பளம் இல்லாமல் செய்ததால் அது அனுபவம் இல்லை என்று ஆகிவிடாது.

"ஏன் எங்களிடம் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?" "வீட்டில் கஷ்டம்" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது கேள்விக்குப் பதிலாகாது. அந்த இடத்தைப் பற்றி முன்கூட்டியே அறிந்துகொண்டு செல்லுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்றால் கொழுந்து வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்ற ஒழுங்கையும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் சேர்வதையும் சொல்லத் தெரிய வேண்டும். இஸ்டோருக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது புத்தகப் படிப்பு அன்று. எல்லயிலோ அப்புத்தளையிலோ ஹோட்டல் வேலை என்றால், தம்பேதன்னையில் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் ஒரு வெளிநாட்டவருக்கு நாலு வசனத்தில் அறிமுகம் செய்யப் பழகுங்கள்.

"உங்கள் பலவீனம் என்ன?" "ஒன்றுமில்லை" என்பதை எவரும் நம்பமாட்டார். "அளவுக்கு மீறி உழைப்பதுதான்" என்ற பதிலை அதிகாரிகள் நூறு தடவை கேட்டிருப்பார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதைத் திருத்த நீங்கள் எடுத்துவரும் முயற்சியையும் சொல்லுங்கள்: "சிங்களம் பேசுவேன், எழுதுவதில் பிழை வரும். மூன்று மாதமாக வகுப்புக்குப் போகிறேன்."

"கணிதத்தில் ஏன் குறைவான பெறுபேறு?", "பாடசாலையை விட்டு இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" இவை சுடும் கேள்விகள். காரணத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், முறைப்பாடு செய்யாதீர்கள், பிறகு நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். "எங்கள் பாடசாலையில் ஒரு வருடம் கணித ஆசிரியர் இருக்கவில்லை. இரண்டாம் முறை தோற்றிச் சித்தி பெற்றேன்" என்றால் விஷயம் முடிந்தது. கொழும்பில் கடையில் நின்றிருந்தால் அதை ஒளிக்க வேண்டாம். வாடிக்கையாளரோடு பேசவும் இருப்பைக் கணக்குப் பார்க்கவும் அங்கே கற்றீர்கள் அல்லவா?

"ஏன் முந்திய வேலையை விட்டீர்கள்?" பழைய முதலாளியைத் தூற்றாதீர்கள். நாளை நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்று எண்ணிக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகளிடம் திருமணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோபிக்காமல், "இந்த வேலைக்கு வேண்டிய நேரத்தையும் பொறுப்பையும் ஏற்க ஆயத்தமாக வந்திருக்கிறேன்" என்று பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

தெரியாத கேள்விக்கு, "இது எனக்குத் தெரியாது, அறிந்துகொள்வேன்" என்பதே சரியான பதில். ஊகித்து உளறுவதால் முன்பு சொன்ன நல்ல பதில்களும் பழுதாகும். கேள்வி விளங்காவிட்டால் மீண்டும் சொல்லும்படி கேட்பது குற்றமன்று.

4. எந்த மொழியில்?

அரசாங்க சேவையில் சேர்வதற்கான பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகின்றது. சேவையில் சேர்ந்த பின் நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியிலும் போதிய அறிவைப் பெறவேண்டும் என்று கேட்கப்படலாம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழிகளிலும் நிர்வாகம் நடைபெற வேண்டிய பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன.

இதன் பொருள் என்ன? தமிழும் சிங்களமும் தெரிந்த உத்தியோகத்தர் நம் மாவட்டத்துக்குத் தேவை. சந்தையிலும் பஸ்ஸிலும் அயலவரிடமும் நம் பிள்ளைகள் பழகிக்கொண்ட சிங்களம் சம்பளம் தரக்கூடிய ஒரு திறமை. பேச்சுச் சிங்களத்தோடு நின்றுவிடாமல் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

தனியார் கம்பெனிகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். முதல் இரண்டு நிமிடத்துக்குரிய பேச்சை, அதாவது பெயர், ஊர், படிப்பு, அனுபவம் என்பவற்றை மூன்று மொழிகளிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விளங்காதபோது "கருணாகரலா ஆயெத் கியன்ன" என்று கேட்கலாம். இலக்கணப் பிழை வந்தால் நிறுத்தி வருந்த வேண்டாம். பிழையோடு சொல்லி முடித்த பதில், பிழைக்குப் பயந்து விழுங்கிய பதிலிலும் மேலானது.

5. பத்திரங்களும் பரீட்சை வகையும்

அரசாங்கப் பதவிகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் மும்மொழியிலும் வெளியாகின்றன. அறிவித்தலில் நேர்முகப் பரீட்சையின் வகையைக் கவனமாகப் பாருங்கள். பொது நேர்முகப் பரீட்சை என்றிருந்தால் அதற்குப் புள்ளிகள் இல்லை; உங்கள் தகைமைகளும் சான்றிதழ்களும் சரிதானா என்று பார்ப்பதே அதன் நோக்கம். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றிருந்தால் புள்ளிகள் உண்டு. எதற்கு எத்தனை புள்ளி என்ற விபரம் தரப்பட்டிருந்தால் அதைக் கையில் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் உங்களிடமுள்ள ஆதாரத்தைச் சேருங்கள். ஆசிரியர் பதவிகளுக்கு, ஒரு சிறு பாடத்தை நடத்திக் காட்டும் செயன்முறைப் பரீட்சையும் வைப்பதுண்டு.

பொது நேர்முகப் பரீட்சையில் நம் பிள்ளைகளை மடக்குவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னே, ஞானஸ்நானப் பதிவேட்டில் அர்ச்சிஷ்டவரின் பெயர் மட்டும் என்றிருந்தால் நான்கும் ஒரே ஆளா என்ற சந்தேகம் எழும். ஞானஸ்நானப் பெயர் கோயிலுக்குரியது. விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே எழுத வேண்டும். வித்தியாசம் இருப்பின் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். தேவையான இடத்தில் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். அழைப்பு வந்த பின் இதைத் தொடங்கினால் காலம் போதாது. 2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரப்பட்டது. அத்தகைய சந்தர்ப்பம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வரும்போது பத்திரங்கள் வீட்டில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

உயர்தரம் சித்தியடையாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. தொழிற்பயிற்சியில் தொடங்கி பட்டம் வரை ஏறக்கூடியது. மின்னிணைப்பு, தையல், சமையல், மோட்டார் திருத்தம் ஆகிய தொழில்களுக்கு அதுவே நேர்முகப் பரீட்சையில் காட்டும் அத்தாட்சி. பயிற்சியில் நீங்கள் செய்த வேலையின் படங்களையும் கொண்டு செல்லுங்கள்.

உடை சுத்தமாக இருந்தால் போதும். கடன்பட்டுப் புதிது வாங்க வேண்டாம். கொழும்பில் பரீட்சை என்றால் முதல் நாளே சென்றுவிடுங்கள். மலைநாட்டு ரயிலும் மழைக்காலப் பாதையும் நம் அவசரத்துக்குக் காத்திருப்பதில்லை. தொலைபேசி வழியே பரீட்சை என்றால், தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தை முதல் நாளே அதே நேரத்தில் போய்ப் பார்த்து வையுங்கள்.

6. நீங்கள் கேட்க வேண்டியவை

முடிவில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடாதீர்கள். வேலை நேரம் என்ன, முதலில் என்ன பயிற்சி தருவீர்கள், நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும், ஊழியர் சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து கட்டப்படும் என்று பணிவாகக் கேட்கலாம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். தோட்டத்தில் சேமலாபத்தின் அருமையை அறிந்த குடும்பங்கள், கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அதை மறந்துவிடுகின்றன.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால், "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று சொல்ல வேண்டாம். அதே வேலைக்கு அயலில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து, ஒரு தொகையைச் சொல்லுங்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைவாக எவரும் பேரம் பேசினால், அந்த இடத்தைப் பற்றி இரண்டாம் தடவை யோசியுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் அகப்படாதீர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வருவதில்லை. வெளிநாட்டு வேலையென்றால், வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுபெற்ற முகவர்தானா என்று முதலில் பாருங்கள்.

7. கிடைக்காவிட்டால்?

அமெரிக்க உளவியலாளர் ஹொலிங்வேர்த் 1922இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். 57 விண்ணப்பதாரிகளை 12 விற்பனை முகாமையாளர்கள் தனித்தனியே நேர்முகம் கண்டு வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் முன்வரிசையில் வைத்த ஆளையே இன்னொருவர் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார். அனுபவமுள்ளவர்களின் கணிப்பே இப்படி வேறுபட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளியிடும் முறை பிற்காலத்தில் வளர்ந்ததற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே காரணம்.

ஆகவே ஒரு மேசை உங்களை ஏற்காவிட்டால், அது உங்களைப் பற்றிய இறுதித் தீர்ப்பு என்று கொள்ள வேண்டாம். வீடு திரும்பியதும், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்னவற்றையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். அடுத்த பரீட்சைக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. தம்பி தங்கைகளுக்கும் அது உதவும்.

8. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பயிற்சி

பெற்றோரே, உங்கள் தொழிலைச் சொல்லப் பிள்ளை கூச்சப்படுவதற்கு, "எங்களைப் போல ஆகிவிடாதே" என்று நாம் நாளும் சொல்வதும் ஒரு காரணமாகலாம். பிள்ளை மேலே வரட்டும் என்ற ஆசை நல்லது. அதற்காக, மலையில் நின்று நீங்கள் உழைத்த உழைப்பை அதன் காதில் இழிவாக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து, மழையிலும் அட்டைக் கடியிலும் கூடை நிரப்பிப் பிள்ளையைப் படிக்கவைத்த கதையை உள்ளபடி சொல்லிக்கொடுங்கள். அப்போது "அம்மா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்குப் பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும்.

இந்த வாரம் வீட்டில் இதைச் செய்து பாருங்கள்.

முதலாவது: ஒரு தாளில், பதினாறு வயதுக்குப் பின் நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த ஐந்து காரியங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நிலைமை, பொறுப்பு, செயல், முடிவு என நான்கு வரியில் எழுதுங்கள்.

இரண்டாவது: உங்களைப் பற்றிய ஒரு நிமிடப் பேச்சை எழுதி, தாளைப் பாராமல் மூன்று மொழிகளிலும் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பாவோ அக்காவோ அதிகாரியாக உட்காரட்டும். நீங்கள் கதவைத் தட்டி உள்ளே வாருங்கள். சிரிப்பு வரும், சிரித்து முடித்துத் தொடருங்கள். முதற் கேள்வி இதுவாக இருக்கட்டும்:

"எந்த ஊர்?"

டிவிஷன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரல் தாழாமல் சொல்ல வரும் வரை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.